முடியும் என்று சொன்னது

கூப்பிட்டது அவளை இல்லை. பாதி எழுந்துவிட்ட வெள்ளத்தாய் மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்தாள். கோர்ட் டவாலி கதவுக்கு வெளியே தலையை நீட்டி அதே பெயரை இன்னொரு தடவை கூப்பிட்டார். ஏதோ மணல் லாரி வழக்கு, மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டபடி இரண்டு பேர் உள்ளே ஓடினார்கள். காலையிலிருந்து இப்படித்தான். யார் பெயரைக் கூப்பிட்டாலும் அவள் உடம்பு அவளைக் கேட்காமல் எழுந்துகொள்கிறது, விசில் சத்தத்துக்கு எழுந்து பழகிய உடம்பு. வெளியே சாரல் சரிந்து விழுந்துகொண்டிருந்தது. காற்று திரும்பும்போது அது வராந்தாவுக்குள் வந்து பெஞ்சின் ஓரத்தை நனைத்துவிட்டுப் போனது, அந்த ஓரத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை. முடியும் என்று சொல்லியிருக்க வேண்டாம். நினைப்பு திரும்ப வந்துவிட்டது. பல்லிடுக்கில் மாட்டிய கொய்யா விதை மாதிரி, நாக்கு எங்கே சுற்றினாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். யோசித்துப் பார்த்ததில்லை என்று சொல்லியிருக்கலாம். பேசாமலே நின்றிருக்கலாம், வாயைத் திறக்காமல் நிற்பது அவளுக்குத் தெரியாததா. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார், அவள் முடியும் என்றாள், நீதிபதி அதை எழுதிக்கொண்டு அடியில் ஒரு கோடு போட்டார். கூண்டிலிருந்து பார்க்க அப்படித்தான் தெரிந்தது, கை இடமிருந்து வலமாக ஒரே இழுப்பாகப் போனது. சரி என்று போட்ட கோடா, போச்சு என்று போட்ட கோடா. இன்றைக்குத் தெரிந்துவிடும். இன்றைக்கு உத்தரவு சொல்கிறார்கள். அவள் புருஷன் ஆவுடையப்பன் இனி அவள்மேல் கை வைக்கக் கூடாது, குடியிருக்கிற வீட்டைவிட்டு அவர் வெளியே போக வேண்டும், அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துப் பக்கம் வரக் கூடாது என்று கேட்டிருக்கிறாள். கிடைத்தால் கிடைக்கும். கிடைக்காவிட்டால், தள்ளுபடி என்ற ஒரு சொல்லோடு எல்லாம் முடிந்து, அதே வீட்டுக்கு அதே பஸ்ஸில் போய் இறங்க வேண்டியதுதான். ஹாஸ்டல் வார்டன் தன் அறையில் ஒரு கட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறாள், நல்லவள், ஆனால் நேற்று தலைமையாசிரியர் கேட்டாராம், டீச்சர் இன்னும் எத்தனை நாளைக்கு என்று. தப்பாகக் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டார் என்று வார்டன் சொன்னாள். சும்மா கேட்பதற்குத்தான் பதில் சொல்ல முடிவதில்லை.

"என்ன டீச்சர், வெறும் வயித்தோட வந்திருக்கியளா?" செய்யதலி பாத்திமா குடையை மடக்கி உதறினாள். தண்ணீர் பக்கத்திலிருந்த போலீஸ்காரர் மேல் தெறித்தது, அவர் நகர்ந்துகொண்டார். "சாப்ட்டேன் மேடம்." "பொய். மூஞ்சியே சொல்லுது. இந்தாங்க, எங்க மாமியா செஞ்சது, முந்திரிக்கொத்து. கல்லு மாதிரி இருக்கும், ஒங்க பல்லுக்குச் சரியா வரும்." இலவச சட்ட உதவியில் அவளுக்குக் கொடுத்த வக்கீல். கறுப்புக் கோட்டின் ஒரு பக்கப் பையில் எப்போதும் தின்பண்டம், இன்னொரு பக்கத்தில் முத்திரை வில்லைகள், அவசரத்தில் ஒருநாள் நீதிபதி முன்னால் கடலை மிட்டாயை எடுத்து நீட்டினாள் என்று மற்ற வக்கீல்கள் கேலி செய்வார்கள். வெள்ளத்தாய் முந்திரிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டாள். வாய்க்குள் போகாது. இவளை முதலில் பார்த்தது பள்ளிக்கூடத்தில்தான். சட்ட விழிப்புணர்வு முகாம், பிள்ளைகளை வரிசையாக உட்காரவைப்பது, பேசுகிறவளைக் கிள்ளி நிறுத்துவது, மைக் கம்பியைக் காலில் சிக்காமல் ஓரமாக இழுத்துவிடுவது எல்லாம் விளையாட்டு டீச்சரின் வேலை, அவள் கழுத்தில் விசிலோடு கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றிருந்தாள். மைக் பாதியில் செத்துப்போனது. பாத்திமா அதைக் கீழே வைத்துவிட்டு வெறும் தொண்டையில் பேசினாள். அடிச்சாத்தான் வன்முறைன்னு இல்ல, அடிப்பேன்னு சொல்லுததும் வன்முறை, ராத்திரி கதவத் தொறக்காம வெளிய நிறுத்துததும் வன்முறை. பிள்ளைகள் சிரித்தார்கள், ஏன் சிரித்தார்கள் என்று அவளுக்குத் தெரியும், பாதிப் பேர் வீட்டில் அது தினமும் நடப்பது. வெள்ளத்தாய்க்குக் காதுமடல் சுட்டது. முகாம் முடிந்து மைக்கைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள், மேடம், எங்க ஸ்கூல்ல ஒரு பிள்ளையோட அம்மாவுக்கு இப்படி ஒரு பிரச்சினை, அவுங்க எங்க வந்து பாக்கணும். பாத்திமா இடத்தைச் சொன்னாள். எந்த பஸ், எங்கே இறங்கணும், யாரிடம் என் பேரைச் சொல்லணும். எல்லாம் சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அந்தப் பிள்ளையோட அம்மா விசில கழட்டி வச்சிட்டு வரட்டும் டீச்சர். நாளைக்கே வரட்டும்" என்றாள். அன்றைக்கு அவளுக்குக் கோபம்தான் வந்தது. இவளுக்கு எப்படித் தெரிந்தது. எங்கே தெரிகிறது, எந்த இடத்தில். முழங்கை வரைக்கும் மூடின ஜாக்கெட், அதற்கு மேல் டிராக் சூட். கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை. அடுத்த நாள் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. போனது வேறொரு நாள், இடது கையைத் தூக்க முடியாமல், பஸ்ஸில் வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

"அவுக வந்தாச்சு" என்றாள் பாத்திமா, எதிர்ப்பக்கம் பார்க்காமலே. வெள்ளத்தாய்க்கு முன்னமே தெரியும். வராந்தாவின் அந்த முனையில், நகலெடுக்கும் எந்திரத்துக்குப் பக்கத்தில், வெள்ளைச் சட்டை. அவருடைய அண்ணன்காரரும் கூட வந்திருக்கிறார். ஆவுடையப்பன் யாரோ ஒரு பெரியவரிடம் குனிந்து பணிவாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், பெரியவர் அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். ஊரில் எல்லாரும் அவரை அப்படித்தான் தட்டிக்கொடுப்பார்கள். உரக்கடை ஆவுடை, அதிர்ந்து பேச மாட்டார், கடன் கேட்டால் முகம் சுளிக்க மாட்டார். சொல்லிக்கொண்டே அவர் இடது கையைத் தூக்கி மணி பார்த்தார். வாட்ச். முதலில் வாட்சைக் கழற்றுவார். கழற்றி ஃபிரிட்ஜ் மேல் வைப்பார், சங்கிலிப் பட்டை தகரத்தில் உரசி ஒரு சத்தம் வரும், பிறகு ஜன்னலைச் சாத்துவார், சாத்தும்போதுகூட மெதுவாகத்தான், கொக்கி போட்டு இழுத்துப் பார்ப்பார். அவளுக்கு அடி ஞாபகம் இருப்பதைவிட அந்தச் சத்தம்தான் ஞாபகம் இருக்கிறது. வார்டன் அறையில் முதல் ராத்திரி பீரோமேல் யாரோ சாவியை வைத்தார்கள், அவள் சுவரோடு ஒட்டிப்போனாள். சுவரோடு ஒட்டுவதற்கா இந்த உடம்பு. மாநிலக் கபடி அணியில் இடது கார்னர். பாடிக்கொண்டு வருகிறவளின் கணுக்காலை ஒரே பிடி, பிடித்தால் விடுவதில்லை, எதிர் அணியில் ஒருத்தி இவள் பக்கம் வரவே மாட்டேன் என்று அழுதிருக்கிறாள். ஆவுடையப்பன் அப்படித்தான் அவளை முதலில் பார்த்தார். கோயில் கொடைத் திருவிழாவில் நடந்த போட்டி, டியூப்லைட் வெளிச்சம், புழுதி. முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இந்தப் பொண்ணுதான் என்று வீட்டில் சொன்னாராம். கல்யாணமான புதுசில் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவள் கோப்பையை எடுத்துக் காட்டுவார். அவளும் அதைச் சந்தோஷம் என்றுதான் நினைத்தாள், சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு யாரோ ஒருவன், யாரென்றுகூட அவளுக்குத் தெரியாது, டீக்கடையில் கேட்டிருக்கிறான், ஏல ஆவுடை, ராத்திரி வீட்ல யாரு பாடுதா, யாரு பிடிக்கா. எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். இவரும் சிரித்திருக்கிறார். சிரித்த முகத்தோடேதான் வீட்டுக்கு வந்தார், வந்து வாட்சைக் கழற்றினார். கேட்டவன் டீயைக் குடித்துவிட்டுப் போய் அன்றைக்கே மறந்திருப்பான்.

அதன் பிறகு எல்லாவற்றுக்கும் அவள் உடம்புதான் காரணம். குழந்தை இல்லாததற்கும் அதுதான். "குதிச்சிக் குதிச்சி வயித்தக் கலக்கிட்டா, இனி என்னத்தத் தங்கும்" என்று மாமியார் காய்கறிக்காரியிடம் சொல்வாள், இவள் காதில் விழட்டும் என்றே சொல்வாள். போலீஸ் ஸ்டேஷனில் ஒரு தடவை புகார் கொடுக்கப் போனபோது எழுத்தர் நிமிர்ந்து அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க அவர அடிச்சதா அவரு கம்ப்ளெய்ன்ட் குடுத்திருக்காராம்மா?" நிஜமாகவே சந்தேகத்தில் கேட்டார். பக்கத்திலிருந்த பெண் காவலர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வெள்ளத்தாய் புகாரைக் கொடுக்காமலே வெளியே வந்து பள்ளிக்கூடத்துக்குப் போய், மாலைப் பயிற்சியில் பிள்ளைகளை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டாள், இருட்டும் வரைக்கும் ஓடவிட்டாள். அவர்கள் என்ன செய்தார்கள் பாவம். ஆனால் இந்தக் கோர்ட்டில் அவளை மாட்டிவிட்டது போலீஸும் இல்லை, மாமியாரும் இல்லை. அவளேதான். ஆஸ்பத்திரிச் சீட்டுகள். தோள் இறங்கியபோது ஒரு சீட்டு, விரல் முறிந்தபோது ஒன்று, காதுக்குப் பின்னால் தையல் போட்டபோது ஒன்று. எல்லாவற்றிலும் டாக்டர் ஒன்றைத்தான் எழுதியிருக்கிறார், கபடி விளையாடும்போது கீழே விழுந்ததாகக் கூறுகிறார். அவள்தான் கூறினாள். டாக்டர் கேட்டு முடிப்பதற்குள் கூறினாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பயந்துகூட அப்படிச் சொல்லவில்லை, வாய் தானாகவே சொல்லிற்று. களத்தில் விழுந்து எழும்போது ரெஃப்ரி ஓடிவந்து என்னம்மா என்று கேட்டால் ஒன்றுமில்லை சார் என்று சொல்லிச் சொல்லி ஊறிப்போன வாய். சொன்னால் வெளியே உட்காரவைத்துவிடுவார். எலும்பு நொறுங்கினாலும் முகத்தில் காட்டாதே என்று அவளுடைய கோச் சொல்வார், அதையே அவளும் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாள், எத்தனை வருஷமாகச் சொல்லியிருக்கிறாள். சீட்டுகளைப் பார்த்த அன்றைக்கு பாத்திமா அவற்றை ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினாள். கோட்டுப் பையிலிருந்து எதையோ எடுத்து மென்றாள். "வேற பொய் கெடைக்கலியா டீச்சர். பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு எல்லாரும் சொல்லுத மாதிரி சொல்லியிருந்தா எந்த ஜட்ஜும் நம்ப மாட்டாரு, நமக்கு நல்லதாப் போயிருக்கும். இத எல்லாரும் நம்புவாவளே."

நம்பத்தான் செய்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் தாணுமூர்த்தி சீட்டுகளை விசிறி மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டு கேட்டார், இது நீங்க சொன்னதுதானம்மா, ஆமா, இதுவும், ஆமா. பிறகு ஒரு போட்டோவை எடுத்தார். அவள் கோப்பையோடு நிற்கிற படம், இரண்டு தோழிகளை இரண்டு கைகளில் தூக்கிக்கொண்டு வேறு நிற்கிறாள். "ஐயா, இந்த அம்மாவையும் பாருங்க, என் கட்சிக்காரரையும் பாருங்க. நியாயமாப் பாத்தா மனு போட வேண்டியது யாருன்னு ஐயாவே சொல்லணும்." பின்வரிசையில் சிரிப்பு. டவாலிகூடச் சிரித்தார். ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார், அந்தக் குனிதலை அவளுக்குத் தெரியும், சிரிப்பு கேட்கும்போதெல்லாம் அப்படித்தான் குனிவார், குனிந்தபடி உள்ளே எதையோ எண்ணிச் சேர்த்துக்கொள்வார், வீட்டுக்கு வந்துதான் செலவழிப்பார். நீதிபதி சிரிக்கவில்லை. இளம் வயசுக்காரர், மாற்றலாகி வந்து சாரல் ஒத்துக்கொள்ளாமல் தும்மிக்கொண்டே இருந்தார். மூக்கைத் துடைத்துவிட்டு அவரே கேட்டார். "ஆஸ்பத்திரியில ஏன் அப்படிச் சொன்னீங்க?" பாத்திமா இதற்கு ஒரு பதில் தயார்செய்து கொடுத்திருந்தாள், குடும்ப மானம், பயம் என்று. அது ஞாபகம் வரவில்லை. "ஆட்டத்துல அடிபட்டா ரெஃப்ரிகிட்ட சொல்ல மாட்டோம் ஐயா. சொன்னா வெளிய உக்கார வச்சிருவாங்க." "வீட்டுலயுமா?" "வீட்டுலதான் ஐயா அதிகம். வெளிய உக்காந்தா எங்க போய் உக்கார." தாணுமூர்த்தி விடவில்லை. பக்கத்தில் வந்தார், வெற்றிலை வாசனை. "சரிம்மா. ஒரே ஒரு கேள்வி. மறைக்காமச் சொல்லுங்க. ஒங்களால இவரத் தூக்கிக் கீழ போட முடியுமா, முடியாதா?" அப்போதுதான் அவள் ஆவுடையப்பனைப் பார்த்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு நேராகப் பார்த்தாள், எங்கே எடை நிற்கிறது, எந்தக் கால் முன்னால் இருக்கிறது, இடுப்பு எவ்வளவு உயரம். கணக்கு தானாக ஓடியது. "முடியும்" என்றாள். "அப்ப ஏன் போடல?" "தூக்கிப் போட்டுட்டு ராத்திரி அதே வீட்டுலதான படுக்கணும்." யாரும் சிரிக்கவில்லை. ஆனால் நீதிபதி குனிந்து எழுதியது எதை? முதல் பதிலையா, இரண்டாவது பதிலையா. கோடு எதற்கு அடியில்? வெளியே வந்ததும் பாத்திமா, "நல்லாத்தான் சொன்னிய. அந்த முடியுங்கிறத மட்டும் கொஞ்சம் முழுங்கியிருக்கலாம்" என்றாள். அன்றிலிருந்து அவள் அதை முழுங்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பல் விளக்கும்போது, அசெம்பிளியில் அட்டென்ஷன் சொல்லும்போது. தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது. முடியாது என்று சொல்லியிருந்தால் அது பொய். பொய் சொன்னதால்தானே சீட்டுகள் அப்படி. மெய் சொன்னதாலும் போகும் என்றால் பிறகு எதைத்தான் சொல்வது. தள்ளுபடி ஆனால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், வா போகலாம் என்பார், அண்ணன்காரர் முன்னால் அவள் பையைக்கூட வாங்கிக்கொள்வார். பஸ்ஸில் ஜன்னலோரம் கொடுப்பார். வீட்டுப் படியேறி விளக்கைப் போட்டு. அதற்கு மேல் நினைப்பு போகவில்லை, கயிறு கட்டிய ஆடு மாதிரி அந்த விளக்கையே சுற்றிக்கொண்டு நின்றது. முந்திரிக்கொத்து உள்ளங்கைச் சூட்டில் பிசுபிசுத்தது.

"வெள்ளத்தாய், ஆவுடையப்பன்." இரண்டாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் அது தன் பெயர் என்று அவளுக்கு உறைத்தது, இத்தனை பெயருக்கு எழுந்த உடம்பு இதற்கு மட்டும் எழவில்லை. பாத்திமா முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். உள்ளே மின்விசிறி ஒரே வேகத்தில் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது, ஈரக் குடைகளின் வாடை. ஆவுடையப்பன் அந்தப் பக்கம் கை கட்டி நின்றார். நீதிபதி தும்மினார், மன்னிக்கணும் என்று யாரிடமோ சொன்னார், காகிதத்தைத் திருப்பி மூக்கடைத்த குரலில் படிக்க ஆரம்பித்தார். மனுதாரர், எதிர்மனுதாரர், பிரிவு, உட்பிரிவு. அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மருத்துவமனைச் சான்றுகள் என்று வந்தது. கபடி என்று வந்தது. மனுதாரர் உடல் வலிமை மிக்கவர் என்பதை இந்த நீதிமன்றமும் நேரில் கண்டது என்றார். போச்சு. கோடு அதற்குத்தான். அவர் மறுபடி தும்மினார். கைக்குட்டையை மடித்து வைத்தார். எவ்வளவு நேரம் மடிக்கிறார் மனுஷன், நாலாக மடித்து, இன்னும் ஒரு மடிப்பு. பிறகு படித்தார். வலிமை உள்ளவரை யாரும் அடித்திருக்க முடியாது என்ற வாதத்தை ஏற்பதற்கில்லை. எதிர்மனுதாரரைத் தூக்கி எறியத் தன்னால் முடியும் என்று தனக்குப் பாதகமான ஒன்றைத் தயக்கமில்லாமல் ஒப்புக்கொண்ட சாட்சி, மற்றவற்றில் பொய் சொல்லியிருப்பார் என்று கருத இந்த நீதிமன்றத்துக்குக் காரணம் எதுவும் தென்படவில்லை. மின்விசிறிச் சத்தம் நின்றுபோன மாதிரி இருந்தது. நிற்கவில்லை, சுற்றிக்கொண்டுதான் இருந்தது. எதிர்மனுதாரர் மனுதாரரை எவ்விதத்திலும் துன்புறுத்தக் கூடாது. குடியிருக்கும் வீட்டிலிருந்து இன்று மாலைக்குள் வெளியேற வேண்டும், காவல் நிலையம் உடனிருந்து உதவ வேண்டும். பள்ளி வளாகத்துக்குள் நுழையக் கூடாது, வளாகத்துக்கு அருகில் நிற்கவும் கூடாது. நிற்கவும் கூடாது. சைக்கிள் ஸ்டாண்டுச் சுவரோரம், பயிற்சி நேரத்தில் வந்து நின்று வெறுமனே பார்ப்பாரே, ஒன்றும் செய்யாமல், பிள்ளைகள் சார் வணக்கம் என்பார்களே, அதை அவள் மனுவில் கடைசி வரியில், எழுதலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கிச் சேர்த்தாள். நிற்கிறது ஒரு குற்றமா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று. யாரும் கேட்கவில்லை. மீறினால் சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்று படித்துவிட்டு நீதிபதி முதன்முறையாக நிமிர்ந்து எதிர்ப்பக்கம் பார்த்தார். "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது ஐயா" என்றார் ஆவுடையப்பன். அந்தக் குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது, வீட்டில் இந்தக் குரலா அவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

வராந்தாவுக்கு எப்படி வந்தாள் என்று தெரியாது. நெஞ்சு பெரிதாகிக்கொண்டே போனது. கடைசி நொடியில் எதிராளியைக் கோட்டுக்கு ஒரு விரல் இப்பால் அமுக்கிப் பிடித்து, விசில் ஊதி, மேலே விழுந்து கிடக்கிற ஏழு உடம்பும் ஒரே சமயத்தில் கத்துமே, அந்தக் கத்தல் இப்போது அவளுக்குள் முழுசாக நின்றது, கோர்ட் என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தாள், மூக்கு வழியாகவும் கண் வழியாகவும் அது வெளியே வரப் பார்த்தது. பாத்திமா அவள் முதுகில் ஒரு அடி வைத்தாள், நிஜமாகவே ஓங்கி. "எந்த வார்த்தைய முழுங்கச் சொன்னேனோ அதையே புடிச்சிருக்காரு டீச்சர், அந்த மூக்கொழுகி ஜட்ஜு. இனிமே என் பேச்சக் கேக்காதிய." "சரி மேடம்." "இதையும் கேக்கக் கூடாதுல்லா." வெள்ளத்தாய் சிரித்தாள். எதிர்பாராத அளவுக்குச் சத்தமாக வந்துவிட்டது, மணல் லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் சிரித்தாள். முடியும். சொல்லிப் பார்த்தாள், வாய்க்குள்ளேயே. எங்கேயும் மாட்டவில்லை. உடம்பைப் பற்றி அவளுக்கே ஒரு வெட்கம் இருந்தது, இவ்வளவு தோள், இவ்வளவு கை, வைத்துக்கொண்டு என்ன செய்தாய் என்று ராத்திரிகளில் அதைத் திட்டியிருக்கிறாள், இப்போது அது சாரல் காற்றில் வெறுமனே நின்றுகொண்டிருந்தது, குளிர்ந்து, பசித்து. பசிக்கிறது. முந்திரிக்கொத்தைக் கடித்தாள், கல்தான், கடவாய்ப் பல்லில் வைத்து உடைத்தாள், உள்ளே வெல்லமும் பாசிப்பயறும் கரைந்தன. சாயந்தரம் வீட்டுக்குப் போகலாம். போனதும் ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும், எல்லாவற்றையும், கொக்கி துருவேறியிருந்தால் தட்டித்தான் திறக்க வேண்டும். தலைமையாசிரியரிடம் இன்றைக்கே சொல்லிவிட வேண்டும், நாள் கணக்கு கேட்டாரே. சனிக்கிழமை மாவட்டப் போட்டி. பிள்ளைகளிடம் வேறு சில விஷயங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, ஆனால் சொல்ல வேண்டும்.

"உத்தரவுக் காப்பி வாங்கிட்டுப் போயிருவோம், ஸ்டேஷன்ல காட்டணும். கோர்ட்ல இருந்து அனுப்பட்டும்னு இருக்கக் கூடாது" என்று பாத்திமா அவளை அலுவலக அறைக்குள் கூட்டிப்போனாள். குமாஸ்தா மேசையில் உத்தரவின் நகல்கள் இருந்தன, இலவசம்தான், இரண்டு தரப்புக்கும் ஒவ்வொன்று. அவர் முத்திரையை வாயால் ஊதி ஊதிக் குத்திக்கொண்டிருந்தார், ஈரத்தில் மை பிடிக்கவில்லை. "பெற்றுக்கொண்டேன்னு எழுதி இங்கன ஒரு கையெழுத்துப் போடுங்க டீச்சர். எங்க பேனா எல்லாம் எழுதாது, ஒங்ககிட்ட இருக்கா?" கைப்பையைத் துழாவி வருகைப் பதிவுக்கு வைத்திருக்கும் நீலப் பேனாவை எடுத்தாள். பெற்றுக்கொண்டேன். எழுத்து நேராக வந்தது. பாத்திமா வாசலுக்குப் போய் போனில் யாருக்கோ, ஆமா, கெடச்சாச்சு, மூணும் கெடச்சாச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வெள்ளத்தாய்க்குப் பக்கத்தில் மேசையோரம் ஒரு வெள்ளைச் சட்டைக் கை வந்து நின்றது. நிமிராமலே தெரிந்தது. ஆவுடையப்பனும் கையெழுத்துப் போட வேண்டும். அவர் அவளைப் பார்க்கவில்லை, மேசையிலிருந்த தன் நகலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் கை மட்டும் அவள் பக்கமாக, உள்ளங்கை மேலாக விரிந்திருந்தது. குளித்துவிட்டு வந்து துண்டுக்கு நீட்டுவது அப்படித்தான், டம்ளருக்கும் அப்படித்தான், வண்டிச் சாவிக்கும், வாய் திறந்து கேட்டதில்லை, விரல் முழுசாக விரிவதற்குள் பொருள் கையில் இருந்துவிடும். குமாஸ்தா முத்திரையை இன்னொரு தடவை ஊதினார். "ஒங்களுக்கும் இங்கனதான் சார்" என்றார், காகிதத்தைத் தள்ளி. வெள்ளத்தாய் தன் நகலை இரண்டாக மடித்தாள். பேனா மூடியை எடுத்து மாட்டினாள், அது டக்கென்று பொருந்தியது. பேனாவைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.